வேலையாட்களின் ஊக்கமும் பரீட்சை விடையும்

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மல்லாட்டை என வழங்கும் வேர்க்கடலை முக்கியமான பணப்பயிராகும். இதன் கொத்து ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதையுறக்கம் இல்லை. முற்றிய செடி நிலத்தில் நிற்கையில் மழை பெய்தால் காய் முளைத்துவிடும். ஆதலின், பறிப்புக் காலத்தில் ஆட்கள் ஊக்கங் குன்றினால் வெள்ளாமை முழுவதும் சேதமாகும்.

வணிக மேலாண்மை பயிலும் விவசாயிகளின் பிள்ளைகள் இவ்விஷயத்தையே ஊக்கக் கொள்கைகள் என்னும் பாடமாகக் கற்கின்றனர். கொள்கைகள் பல, பரீட்சையில் எதை எடுத்தாள்வது என்பதே சங்கடம். பயிரின் நோயறிந்து மருந்திடுவது போல, வினாவில் காணும் குறையறிந்தே கொள்கையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். காய் ஆயும் வேலையை உதாரணமாகக் கொள்க.

1. நாட்கூலியாதலால் வேலை மந்தமாயின், 1911-இல் நூல் வெளியிட்ட டெய்லரின் முறை பொருந்தும். செய்த அளவுக்குத் தக்க கூலி என்பது அதன் சாரம். ஆயினும் அளவையே கருதினால் பிஞ்சும் சருகும் கலந்து வரும்.

2. நிழலும் குடிநீரும் இல்லையென ஆட்கள் முறையிட்டால், ஹெர்ஸ்பெர்க் (1959) கூறியது பொருந்தும். இவற்றை அளித்தால் மனக்குறை நீங்கும்; ஊக்கம் பிறப்பதற்கோ பொறுப்பும் பாராட்டும் வேண்டும்.

3. அடுத்த நிலத்தில் அதே வேலைக்குக் கூலி அதிகமாயின், ஆடம்ஸின் (1963) சமநீதிக் கொள்கையை எழுதுக.

4. மரக்காலைக் குவித்து அளப்பதால் ஆட்கள் நம்பிக்கை இழந்திருப்பின், வ்ரூமின் (1964) எதிர்பார்ப்புக் கொள்கையே தக்கது. இங்கே கூலியை உயர்த்துவதைவிடத் தலைதட்டி அளப்பதே முதற் பரிகாரம்.

மாஸ்லோ 1943-இல் கூறிய தேவைப் படிகள் நினைவில் எளிதில் நிற்பதால், மாணாக்கர் பலர் எவ்வினாவுக்கும் அதனையே எழுதுகின்றனர். தேவைகள் ஒத்த ஆட்கள் ஒரு நிலத்தில் சுறுசுறுப்பாகவும் மற்றொன்றில் சோர்ந்தும் இருப்பதன் காரணத்தை அப்படிகள் மட்டும் விளக்கமாட்டா.

ஆகவே முதலில் வினாவிலுள்ள செய்திகளை அடிக்கோடிடுக. அவற்றுள் பெரும்பாலானவற்றை விளக்கும் கொள்கை ஒன்றை எடுக்க. எஞ்சியதற்கு மட்டும் இரண்டாவதைச் சேர்க்க. பின்னர்ப் பரிகாரத்தையும், அக்கொள்கையின் குறைபாட்டையும் எழுதி முடிக்க. கொள்கைகளை வரிசையாக ஒப்பிப்பது விடையாகாது.

நிலமுடையோர்க்கும் இம்முறை பயன்படும். காரணம் அறியாது கூலியை மட்டும் கூட்டினால் செலவு மிகும். காயோ நிலத்திலேயே தங்கிவிடும். கிராம அலுவலர்கள் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துரைப்பாராயின் பெரிதும் நலமாம்.