துவர்த்து இரண்டு எடுத்துக்கொள், மக்களே

கோட்டாறு,
நாகர்கோவில்.

அன்புள்ள மக்களே,

கூடப் படிக்கிற பிள்ளைகள் வருகிற சனிக்கிழமை எர்டிங் தெர்மே என்கிற வெந்நீர்க் குளியல் வளாகத்துக்குக் கூப்பிடுகிறார்கள், சௌனா என்கிற சூட்டறைப் பக்கத்தில் நீச்சலுடைகூடப் போடக் கூடாதாம், ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் இருப்பார்களாம், போகட்டுமா சித்தி என்று கேட்டிருக்கிறாய். இதை உன் அம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஊர்க் குளியலும் தெரியும், நம் ஊர்ப் பேச்சும் தெரியும். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லப் போவதில்லை. முடிவெடுக்க உனக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. 1983இல் டெக்ஸாகோ கம்பெனி எண்ணெய் தேடி எர்டிங்கில் துளை போட்டது. எண்ணெய் வரவில்லை; ஏறக்குறைய 2,350 மீட்டர் ஆழத்திலிருந்து 65 டிகிரிச் சூட்டில் கந்தக நீர் வந்தது. அந்தத் தண்ணீரை நம்பி 1999இல் திறந்ததுதான் இந்தத் தெர்மே. நீ படிக்கிற ஊரிலிருந்து எஸ்-2 ரயிலில் ஏறி ஆல்டன்எர்டிங்கில் இறங்கினால் போதும். சறுக்குகளும் குடும்பங்கள் குளிக்கும் குளமும் ஒரு பக்கம். அங்கே நீச்சலுடை கட்டாயம். சௌனாப் பகுதி தனி. பதினாறு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அங்கே நீச்சலுடை கூடாது. ஒரே வளாகத்தில் இந்தப் பக்கம் துணியில்லாமல் வந்தால் தப்பு, அந்தப் பக்கம் துணியோடு வந்தால் தப்பு.

இது எர்டிங்கின் தனி வினோதம் என்று நினைக்காதே. ஜெர்மனியில் பெரும்பாலான சௌனாக்களில் இதுதான் வழக்கம். சௌனா ஃபின்லாந்துக்காரர்களுடையது, அவர்களுடைய சௌனாப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மானியர்களுக்கு வெயிலிலும் தண்ணீரிலும் ஆடையின்றி இருப்பதை ஓர் இயக்கமாகவே நடத்திய பழக்கம் உண்டு. அதற்கான முதல் சங்கம் எஸ்ஸென் நகரில் 1898இல் தொடங்கியது. இரண்டும் சேர்ந்ததுதான் நீ பார்க்கப் போவது. அவர்கள் சொல்லும் காரணம் சுத்தம். குளோரின் தண்ணீரில் ஊறிய நைலான் துணியை 90 டிகிரிச் சூட்டில் உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு உட்காருவது அவர்களுக்கு அருவருப்பு. உடம்பைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதுதான். ஒட்டிக்கிடக்கும் துணி அதற்குத் தடை.

இங்கே 34 டிகிரிக்கே உயிர் போகிறது, 90இல் எப்படி என்று கேட்பாய். அந்த அறையின் காற்று உலர்ந்தது. வியர்வை வரவர ஆவியாகித் தோலைக் காப்பாற்றும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். நம் புழுக்கமும் அந்தச் சூடும் வேறு வேறு.

இப்போது உன் உண்மையான கேள்விக்கு வருகிறேன். உனக்குச் சூட்டைப் பற்றி வெப்ராளம் இல்லை. ‘நாகர்கோவில் பெண் இப்படிச் செய்யலாமா’ என்பதுதானே உள்ளே அரிக்கிறது?

நாம் துணியோடு குளித்தே வளர்ந்தவர்கள். பழையாற்றிலும் குளத்திலும் பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டித்தான் பெண்கள் மேல் கழுவினார்கள். வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்ட பிறகும் இடுப்பில் ஒரு துணி வேண்டும் என்று உன் ஆச்சி சொல்வாள். ஆனால் இதே மாவட்டத்தில்தான் மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணத் திருமேனிகளைப் பாறையில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தீர்த்தங்கரர்கள் உடம்பில் நூல் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்க் காட்டுகிறோம், யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. இங்கே கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிழிச்சல், உழிச்சல் என்கிற எண்ணெய் வைத்தியங்களுக்கு மரத் தோணியில் படுக்கிறவர்களுக்கு ஒரு முழத் துணிதான் மிச்சம். அதை யாரும் மானக்கேடு என்று சொல்வதில்லை, வைத்தியம் என்கிறார்கள்.

இன்னொன்றும் இதே மண்ணில் நடந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் முதலான சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன்னால் மாரை மறைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். மறைத்த பெண்களின் துணியைச் சந்தையிலும் தெருவிலும் கிழித்தார்கள். 1822இல் கல்குளம், இரணியல் பக்கங்களில் கலவரமாக வெடித்த அந்தத் தோள்சீலைப் போராட்டம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிட்டு எரிந்தது. 1859 ஜூலை 26 அன்றுதான் உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அந்தப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்குத் தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்தார்கள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். சிதறாலில் ஆடையை விட்டவர்கள் தாங்களாகவே விட்டார்கள். தோணியில் படுக்கிறவள் தன் நோய்க்காகச் சம்மதித்துப் படுக்கிறாள். தோள்சீலைக் காலத்துப் பெண்ணிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. உடம்பு எவ்வளவு தெரிந்தது என்று அளந்தால் இந்த மூன்றில் அவள்தான் அதிகம் உடுத்தியிருந்தாள். ஆனாலும் அவமானப்பட்டவள் அவள்தான். மானம் துணியின் நீளத்தில் இல்லை. யார் தீர்மானித்தார்கள் என்பதில் இருக்கிறது. நம் மூத்த பெண்கள் அடி வாங்கிப் பெற்றுத் தந்தது அந்தத் தீர்மானிக்கும் உரிமையைத்தான்.

ஆகவே நீ விரும்பிப் போனால் அவர்களுக்குத் துரோகம் இல்லை. விருப்பமில்லாமல், ‘இன்னும் பட்டிக்காடாகவே இருக்கிறாயே’ என்று தோழிகள் கேலி செய்வார்களே என்று போனால், அப்போதும் உன் உடம்பைப் பற்றி வேறு யாரோ முடிவெடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கேட்டியா? ‘எனக்கு இப்போது வேண்டாம்’ என்பது முழுமையான பதில். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவிலும் வழி உண்டு: பல சௌனாக்களில் வாரத்தில் ஒரு நாளோ ஒரு தனி அறையோ பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருப்பார்கள். முதல் தடவைக்கு அது போதும் என்று பட்டால் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் போ. நீச்சல்குளப் பக்கத்துச் சீட்டு மட்டும் எடுத்துக்கொண்டு வெந்நீரில் கிடந்துவிட்டும் வரலாம்.

போவதென்றால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துவட்டவும் விரிக்கவும் பெரிய துவர்த்து இரண்டு, முழங்கால் வரை வரும் குளியல் அங்கி ஒன்று, ரப்பர் செருப்பு. நம் ஊர் மெல்லிய துவர்த்து போதாது. தலையிலிருந்து பாதம் வரை படுக்கிற நீளத்துக்கு ஒன்று வேண்டும். கழுத்துச் சங்கிலி, கம்மல், வளையல் எல்லாவற்றையும் விடுதியிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. அந்தச் சூட்டில் தங்கம் தோலைச் சுட்டுவிடும். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வேண்டாம். நுழையும்போது கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். உன் பெட்டியைப் பூட்டுவதும் அதுதான், காப்பி குடித்த கணக்கும் அதில்தான் ஏறும்.

முதலில் சோப்புப் போட்டுக் குளித்து, நன்றாகத் துவட்டு. உலர்ந்த தோல்தான் சீக்கிரம் வியர்க்கும். அங்கியைப் போட்டுக்கொண்டே நடக்கலாம், சாப்பிடலாம், ஓய்வெடுக்கலாம். சௌனா அறை வாசலில் கொக்கி இருக்கும். அங்கியை அங்கே மாட்டிவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, துவர்த்தோடு உள்ளே போ. துணியில்லாமல் நிற்கிற நேரம் நீ பயப்படுவதைவிட மிகக் குறைவு. உள்ளே துவர்த்தை விரித்து அதன்மேல் உட்கார். பாதமும் துவர்த்தின் மேல்தான் இருக்க வேண்டும். பலகையில் ஒருவருடைய வியர்வைகூடப் படக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. துவர்த்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாலும் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

சூடு மேலே போகப் போகக் கூடும். கீழ்ப் பலகையில் உட்கார். முதல் சுற்றுக்கு எட்டுப் பத்து நிமிடம் தாராளம். 50, 60 டிகிரி அளவிலான மிதமான அறைகளும் உண்டு. அதில் தொடங்குவது நல்லது. குறிப்பிட்ட நேரங்களில் ஒருவர் வந்து சுட்ட கற்களின்மேல் வாசனைத் தைலம் கலந்த நீரை ஊற்றி, துவர்த்தை வீசிச் சூட்டைப் பரப்புவார். ‘ஆஃப்குஸ்’ என்பார்கள். முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த நேரத்தில் கதவைத் திறந்து மூடுவது அவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் தலை சுற்றினால் மரியாதை பார்க்காதே, எழுந்து வெளியே வந்துவிடு.

வெளியே வந்ததும் உடனே குளிர்ந்த தொட்டியில் குதிக்காதே. கொஞ்சம் காற்று வாங்கு. பிறகு குளிர்ந்த நீரைக் காலில் தொடங்கி, கை, அப்புறம் நெஞ்சு என்று இதயத்தை நோக்கிக் கொண்டுவா. அங்கியைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரமாவது படு. இரண்டு சுற்று போதும், மூன்று அதிகபட்சம். முன்பும் பின்பும் தண்ணீர் நிறையக் குடி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதே, வெறும் வயிற்றோடும் போகாதே. பீர் விற்பார்கள், சூட்டுக்கு நடுவே குடிப்பது ஆபத்து. காய்ச்சல், இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் எதுவும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. மாதவிலக்கு நாட்களில் அந்த ஊர்ப் பெண்கள் டாம்போனோ கப்போ வைத்துக்கொண்டு வருகிறார்கள். உனக்குப் பழக்கமில்லை என்றால் தேதியை மாற்று.

உடம்பைப் பற்றி ஒரு சொல். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: மொபைலில் பார்க்கிற உடம்பு எங்குமே கிடையாது. அங்கே சிசேரியன் தழும்பு, தொங்கிய வயிறு, மார்பு எடுத்த வடு, வெரிகோஸ் நரம்பு ஓடிய கால் எல்லாம் தைரியமாக நடந்து போகும். எழுபது வயதுக் கிழவி உன் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் உனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. முகத்தைப் பார், அல்லது எதிர்ச் சுவரைப் பார். சிறிது நேரத்தில் உனக்கே அது மறந்துபோகும். நீ கறுப்பாக இருப்பதால் ஒருவேளை ஒன்றிரண்டு கண்கள் கூடுதலாகத் திரும்பலாம். அது உன் குறை இல்லை, அவர்கள் மரியாதைக்குறைவு.

துணியில்லாத இடத்தைப் பாதுகாப்பது விதிகள்தான். ஆகவே விதி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து இடத்தை நம்பு. மொபைலும் கேமராவும் உள்ளே வரக் கூடாது. பிறர் பார்வையிலிருந்து தனியாகக் காக்கப்பட்ட இடத்தில் ஒருவரைத் தெரியாமல் அந்தரங்கமாகப் படம் பிடிப்பதை ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 201ஏ பிரிவு தண்டிக்கும். நம் நாட்டில் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவு பெண்களுக்காக அதே மாதிரி வேலையைச் செய்கிறது. யாராவது வெறித்துப் பார்த்தால், பின்னாலேயே வந்தால், தொட்டால், அங்கே பணியில் இருப்பவரிடம் நேராகச் சொல். வெட்கப்பட்டு விழுங்காதே, வெளியே அனுப்பப்பட வேண்டியது நீ இல்லை.

நாளை ஊருக்கு வந்து மசாஜுக்கோ ஆயுர்வேத நிலையத்துக்கோ போனாலும் இதே அளவுகோல்தான். கேரளச் சுற்றுலாத்துறை இத்தகைய நிலையங்களுக்குச் சான்று தரும்போது பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதை நிபந்தனையாக வைத்திருக்கிறது. எதைக் கழற்ற வேண்டும், ஏன் என்று முதலிலேயே சொல்கிறார்களா, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் வருகிறதா என்று பார். இல்லையென்றால் பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடு.

அம்மாவிடம் சொல்வதா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை தான் எங்கே குளித்தேன் என்று கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. பொய்யும் சொல்லாதே. அவளாகவே என்னிடம் கேட்டால், கோட்டாற்றுத் தோணியில் அவள் பிழிச்சலுக்குப் படுத்த கதையை நினைவுபடுத்தி, உன் மகளும் அந்த மாதிரிதான் கொஞ்சம் வியர்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவள் திட்டினால் என்னைத் திட்டட்டும்.

அன்புடன்,
சித்தி