ஆடும் கல்

சித்தூர் பக்கம் பல வீடுகளில் தரைக்குக் கடப்பாக்கல் போட்டிருப்பார்கள். கருப்புக் கல். வெயில் காலத்தில் வெறுந்தரையில் படுத்தால் குளுகுளு என்று இருக்கும்.

இந்தக் கல் கடப்பா மாவட்டத்திலிருந்து வருகிறது. எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு பக்கம் பூமிக்குள் இது அடுக்கு அடுக்காக இருக்கிறது. அடுக்கைப் பிளந்து பலகை போல எடுக்கிறார்கள். குளிர் தேசங்களில் மரப்பலகையால் தரை போடுவார்கள். இங்கே கல்தான் பலகை.

பலகை உடைந்தால் என்ன செய்வது?

ஒரு வீட்டில் அடுப்படிக் கல் நடுவில் விரிசல் விட்டது. ஒரு பாதி ஆடியது. அந்த வீட்டுப் பாட்டிக்கு வயது 70. கல் தடுக்கி இரண்டு முறை விழப் பார்த்தார். அந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். பிறகு படுக்கைதான்.

“கொத்தனாரைக் கூப்பிடும்மா” என்றார் பாட்டி.

“ஒரு கல்லுக்கு யாரு வருவாங்க அத்தே? வந்தாலும் முழு நாள் கூலி கேப்பாங்க. நானே போடறேன்” என்றாள் மருமகள்.

“உனக்குத் தெரியுமா?”

“பத்து வருஷமா சித்தாள் வேலைக்குப் போறேன். கலவை போடறது நான். கல்லைத் தூக்கிக் கொடுக்கறது நான். கரண்டி மட்டும்தான் அவங்க கையில.”

முதலில் அவள் ஒரு குச்சியால் கற்களைத் தட்டிப் பார்த்தாள். நன்றாக அமர்ந்த கல்லில் கெட்டிச் சத்தம் வந்தது. உடைந்த கல்லில் வெறும் பானையைத் தட்டியது போலக் கேட்டது. அடியில் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அளவு எடுத்தாள். நீளம், அகலம் மட்டும் அல்ல. கனமும் அளந்தாள். பலர் இதை மறந்து விடுவார்கள். புதுக் கல் கனமாக இருந்தால் தரைக்கு மேலே துருத்திக் கொண்டு நிற்கும்.

பிள்ளைகளை வெளியே அனுப்பினாள். கல் சில்லு தெறிக்கும் அல்லவா? கண்ணுக்குக் கண்ணாடி போட்டாள். விரிசலில் உளியை வைத்துத் தட்டினாள். ஓரத்தில் தட்டினால் பக்கத்துக் கல்லும் உடையும். துண்டுகளைக் கையால் எடுக்கவில்லை. கடப்பாரையால் நெம்பித் தள்ளினாள். கல்லுக்கு அடியில் தேள் இருக்கலாம்.

அடியில் எலி வளை! மண் சரிந்து பள்ளமாக இருந்தது. அதனால்தான் கல் உடைந்தது. வளையில் உடைந்த கல்லையும் கலவையையும் போட்டு அடைத்தாள். மேலே மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தாள். இதைச் செய்யாமல் புதுக் கல் போட்டால் அதுவும் உடையும்.

ஒரு பங்கு சிமெண்டு, நான்கு பங்கு சலித்த மணல். தண்ணீர் அளவாக. சிமெண்டு கையை அரிக்கும். அதனால் ரப்பர் உறை போட்டுக் கொண்டாள். கலவையை ஓர் அங்குலம் பரப்பி, மேலே சிமெண்டுப் பால் ஊற்றினாள். நனைத்த கல்லை வைத்து மரச்சுத்தியால் மெல்லத் தட்டினாள். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாள். ஒரு மூலை உயரமாக இருந்தது. கல்லை எடுத்து, கலவையைச் சீவி, திரும்ப வைத்தாள். பிறகு சந்துகளைச் சிமெண்டால் அடைத்தாள்.

மூன்று நாள் அந்தக் கல்லை யாரும் மிதிக்கவில்லை. ஈரச் சாக்கு போட்டு வைத்தார்கள். சமையல் திண்ணையில் நடந்தது.

இன்னொரு விஷயம். கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல் இனம். சிமெண்டும் சுண்ணாம்புக் கல்லில் இருந்துதான் வருகிறது. புளித்தண்ணீர், எலுமிச்சம் சாறு பட்டால் இந்தக் கல் வெளுத்துப் போகும். உடனே துடைக்க வேண்டும். கழிவறை ஆசிட்டை இதில் ஊற்றவே கூடாது.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தாள். கல்லின் மேல் ஏறி நின்றாள். அது ஆடவில்லை.

“எங்க வீட்டு வாசல் கல்லும் ஆடுது. வந்து போட்டுத் தர்றியா?”

“வர்றேன்க்கா. ஆனா சித்தாள் கூலி இல்ல. கொத்தனார் கூலி.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

“சரி, ஞாயித்துக்கிழமை வா.”