தூக்கணாங்குருவிக்கு எத்தனை பக்கம்?

தூக்கணாங்குருவியைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு படநூல் எழுதச் சொன்னால், பலர் "தூக்கணாங்குருவி ஒரு பறவை" என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளைக்கு அது தெரியும்; அட்டையிலேயே குருவி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து உணவு, உறைவிடம், இனப்பெருக்கம் என்று வரிசையாக வரும். பாடநூலுக்குக் கலர்ப்படம் போட்ட மாதிரி ஒன்று தயாராகிவிடும். பதிப்பாசிரியர் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவைக்கும் கையெழுத்துப்படி இதுதான்.

இத்தனைக்கும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது. சென்னையின் தூலிகா 1996 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படநூல்கள் போட்டுவருகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் ஆகியவையும் சிறுவர் நூல்கள் வெளியிடுகின்றன. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் பள்ளிகளுக்குச் சிறு நூல்கள் தருகிறது. எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் கதையோடுதான் வருகிறார்கள். உண்மைத் தகவலைச் சுவையாகச் சொல்லத் தெரிந்தவருக்குப் போட்டி குறைவு என்பது என் கணிப்பு.

தலைப்பைச் சுருக்குவதுதான் முதல் வேலை. "பறவைகள்" ஒரு படநூலுக்குள் அடங்காது. "தூக்கணாங்குருவி" கூடப் பெரிதுதான். "பெண் குருவிக்குக் கூடு பிடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள், புத்தகம் தெரியத் தொடங்கும். ஆண் குருவி நெல் தாளையும் பனை ஓலையையும் நாராகக் கிழித்து, முடிச்சுப் போட்டுப் பின்னுகிறது. கூடு பாதி வளர்ந்து தலைக்கவசம் மாதிரி தொங்கும்போது, சிறகடித்துக் கூவிப் பெண்ணை அழைக்கிறது. பெண் வந்து கூட்டை ஆராய்கிறது. பிடித்துவிட்டால் ஆண் நீண்ட குழாய் வாசலும் வைத்துக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் பாதிக் கூடு அப்படியே கிடக்கும். ஆசை, உழைப்பு, தவிப்பு, தீர்ப்பு எல்லாம் இதிலேயே இருக்கின்றன. குருவிக்குப் பெயர் வைத்து வசனம் பேசவைக்க வேண்டியதில்லை. பேசவைத்தால் அது கதைப்புத்தகமாகிவிடும். கதைப்புத்தகம் எழுதுவதில் தவறில்லை, ஆனால் அதைத் தகவல் நூல் என்று அனுப்பாதீர்கள்.

இனிக் காகிதம். படநூலுக்கு உலகெங்கும் வழக்கமான அளவு 32 பக்கம்; அச்சுத்தாளை மடிப்பதில் கிடைக்கும் கணக்கு அது. நம் ஊரில் 16, 24 பக்க நூல்களும் உண்டு. எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கம் கையில் வந்துவிடும். தலைப்பு, பதிப்பு விவரப் பக்கங்களைக் கழித்தால் விரித்த நிலையில் சுமார் 14 காட்சிகள். எழுதியதை வெட்டி, பென்சில் கிறுக்கலோடு இந்த மாதிரி நூலில் ஒட்டுங்கள். கணினித் திரையில் நன்றாக இருந்த பத்தி இங்கே மூச்சுத் திணறும்; ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும் என்று தெரிந்துவிடும்.

பக்கம் திருப்புவதுதான் இந்த வடிவத்தின் பெரிய பலம். பெண் குருவி கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பது வலப்பக்கக் கடைசியில் வர வேண்டும், அதன் முடிவு மறுபக்கத்தில். இரண்டையும் ஒரே காட்சியில் போட்டுவிட்டால் வாசித்துக் காட்டும் ஆசிரியருக்கு நிறுத்தி "என்ன ஆகும், சொல்லுங்க?" என்று கேட்க வாய்ப்பே இல்லை.

படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. "மஞ்சள் தலை கொண்ட ஆண் குருவி" என்று எழுதாதீர்கள், ஓவியர் வரைவார். அவருக்குத் தனித்தாளில் குறிப்புக் கொடுங்கள்: இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத்தான் தலை மஞ்சளாகும், பெண் மங்கிய பழுப்பு, கூடு நீர்நிலைக்கு மேலோ முள்மரத்திலோ பனையிலோ தொங்கும். பெண்ணுக்கு மஞ்சள் பூசிவிட்டால் புத்தகமே பொய். ஓவியரை நீங்களே தேடிக் கூட்டிப்போகவும் வேண்டாம். பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும்.

சரிபார்ப்பில் இரக்கம் காட்டாதீர்கள். இந்தக் குருவி மின்மினியைப் பிடித்துவந்து கூட்டுக்குள் விளக்கு வைக்கும் என்று நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கூட்டின் உட்புறம் ஈரமண் அப்புவது உண்மை, விளக்கு சான்றில்லாத கதை. எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். கடைசிப் பக்கக் குறிப்பில் "இப்படி ஒரு நம்பிக்கை உண்டு" என்று வேண்டுமானால் சொல்லலாம். எழுதி முடித்ததை ஒரு பறவையியலாளரிடம் காட்டுங்கள்.

இன்னொரு சங்கடம். 1930-இல் மும்பைக்கு அருகிலுள்ள கீஹிமில் இந்தக் குருவிகளைக் கவனித்த பறவையியலாளர் சாலிம் அலி, ஒரு பெண் குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டைக் கட்டி வேறொரு பெண்ணை அழைக்கிறது என்று கண்டறிந்தார். பிள்ளைகள் புத்தகத்தில் இது எதற்கு என்று பெரியவர்கள் நெளிவார்கள். பிள்ளைகள் நெளிய மாட்டார்கள். என் ஓட்டு சேர்ப்பதற்கே.

மொழியில் ஒன்றே ஒன்று: சந்தியைப் பிரித்து எழுதுங்கள். "கூடொன்றமைத்தது" வேண்டாம், "ஒரு கூடு கட்டியது" போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை நீண்ட சொல்லில் இடறி நின்றால் கதையும் நின்றுபோகும். பிறகு உங்கள் பிள்ளை அல்லாத பிள்ளைகளிடம் உரக்க வாசியுங்கள். எங்கே கவனம் சிதறுகிறதோ அந்த வரி போக வேண்டும்.

பணம்? ராயல்டியா, ஒரே தொகையா என்று முதலிலேயே கேளுங்கள். படநூலில் ராயல்டி ஓவியரோடு பிரியும். மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் என்பதையும் பாருங்கள், படநூல் எளிதில் மொழி தாண்டும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் வெளியாகும் நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் திறந்த உரிமத்தில் வருகின்றன. உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். நிறையப் பேரைச் சேரும் வழி அது, வருமானத்துக்கான வழி இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். மாதச் சம்பளம் வரும் வேலையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள்.