வயல் உணர்கருவிகள் கூடி அனுப்பினால் பேட்டரி நீடிக்கும்

மண்ணைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்து, நீர் பாய்ச்சும் நாளை முடிவு செய்வது நம் உழவர்களின் வழக்கம். அதே ஈரத்தை அளந்து, கம்பியின்றி வானலை மூலம் மோட்டார் கொட்டகைக்குத் தெரிவிக்கும் சிறு உணர்கருவிகள் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றின் பலவீனம் பேட்டரி. கதிர் முற்றுமுன் கருவி ஓய்ந்துவிட்டால் போட்ட பணம் வீண்.

மின்சாரம் எங்கே செலவாகிறது?

ஈரத்தை அளக்க ஆகும் மின்சாரம் சொற்பமே. அளந்ததை அனுப்பவும், பிற கருவிகள் அனுப்புவதைக் கேட்கவுமே பெரும்பகுதி செலவாகிறது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் அனுப்பும் சக்தி நான்கு மடங்கு வேண்டும். தரையை ஒட்டி, தழைக்குள் புகுந்து செல்லும் அலைக்கு 16 மடங்கு வரைகூடத் தேவைப்படலாம்.

60 மீட்டரை ஒரே வீச்சில் கடக்க 60×60, அதாவது 3600 பங்கு சக்தி என்று கொள்வோம். 20 மீட்டருக்கு ஒரு கருவி வைத்து, நாற்றுமுடியைக் கைமாற்றுவது போல் செய்தியைக் கைமாற்றினால் மூன்று முறை 20×20, ஆக 1200 பங்கு போதும். அடர்ந்த பயிரில் 27-இல் ஒரு பங்காகவும் குறையலாம்.

இது ஏட்டுக் கணக்கு. இடையில் நிற்கும் கருவி செய்தியைக் கேட்கவும் பேட்டரியைச் செலவிடுகிறதே! பல சிறு கருவிகளில் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம் ஆகிறது. எனவே குறுகிய தொலைவுக்கு நேரே அனுப்புவதே சிக்கனம்.

இருவர் சேர்ந்து கூப்பிடுவது போல

வயலின் மறுகோடியில் இருப்பவரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்காவிட்டால் இருவர் சேர்ந்து குரல் கொடுப்பதுண்டு. அருகருகே உள்ள இரு கருவிகள் ஒரே செய்தியை அனுப்பும் கூட்டு அனுப்புதலும் அவ்வாறே. ஒன்றின் அலையை வரப்போ தழையோ மறைத்தாலும் மற்றதன் அலை போய்ச் சேரும். மீண்டும் மீண்டும் அனுப்பும் வீண்செலவு குறைகிறது. ஒவ்வொன்றும் தாழ்ந்த சக்தியில் அனுப்பலாம். இதிலும் குறிப்பிட்ட தொலைவுக்கு மேல்தான் லாபம் என்பதை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் கணக்கிட்டுக் காட்டினர்.

கொட்டகைக்கு அருகில் உள்ள கருவிக்குத்தான் சோதனை. எல்லார் செய்தியும் அதன் வழியே செல்வதால் அது முதலில் ஓயும். பின்னால் உள்ளவை நன்றாயிருந்தும் பயனில்லை. இதற்காக 2000-ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட 'லீச்' என்னும் முறையில், செய்திகளைத் திரட்டி அனுப்பும் பொறுப்பு முறைத் தண்ணீர் போலக் கருவிக்குக் கருவி மாறும்.

நெதர்லாந்தில் 2005-இல் உருளைக்கிழங்கு வயலில் பின்பருவக் கருகல் நோயை முன்னறிய சுமார் 100 கருவிகளை நிறுவினர். கருவிகளுக்குள் எழுதப்பட்ட கட்டளைகளின் குறைகளால் சேகரிக்க வேண்டிய விவரங்களில் 2 சதவீதமே கிடைத்தது. ஆதலால் விற்பவர் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

கருவி எவ்வளவு நேரம் 'உறங்கும்' என்று முதலில் கேளுங்கள். மண் ஈரம் நொடிக்கு நொடி மாறுவதில்லை. அரை மணிக்கு ஒரு முறை விழித்து அளந்தால் தாராளம். ஆன்டெனா பயிரின் உச்சிக்கு மேல் நிற்கட்டும். கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றில் வெறும் நிலத்தில் சோதித்துத் திருப்தியடையாமல், தழை மூடிய பின் மறுபடி சோதியுங்கள். கொட்டகைக்கு அருகிலுள்ள கருவிக்குச் சிறு சூரியத் தகடு பொருத்துவது நல்லது.

ஓர் ஏக்கர் மட்டும் உள்ளவருக்கு இந்த ஏற்பாடு அநேகமாகத் தேவையில்லை. ஒரே கருவி நேரே அனுப்பினால் போதும். அடுத்தடுத்த நிலக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, செய்தி பெறும் பெட்டியைப் பொதுவாக வைத்துக்கொண்டால் செலவு பகிரப்படும். அப்போது எல்லாரும் ஒரே வகைக் கருவியை வாங்குங்கள்; வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் பெரும்பாலும் ஒன்றன் செய்தியை மற்றது வாங்கி அனுப்புவதில்லை.