அன்றாட வாழ்வில் வழிபாடு

கேரளத்தில், திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் வித்துரா. அப்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். ஆதலால் பால் வெட்டும் தொழிலாளி விடியற்காலையிலேயே கத்தியுடன் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார். மரப்பட்டையை ஆழமாகச் சீவினால் மரம் புண்படும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஒவ்வொரு மரமும் அவரது முழுக் கவனத்தையும் கேட்கிறது.

அத்தகைய தொழிலாளி ஒருவர் கிறிஸ்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று ஆலயத்தில் மண்டியிட்டு உருகிய அவருக்குத் திங்கட்கிழமை விடியலில் ஒரு கேள்வி எழக்கூடும்: ‘நேற்றைய வழிபாடு நேற்றோடு முடிந்துவிட்டதா?’ இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. பூஜையறைக் கதவைச் சாத்திவிட்டு அலுவலகம் செல்லும் ஒவ்வொருவருக்கும் உரியது.

ஏழு வேளைப் பிரார்த்தனை

இடைவிடாமல் பிரார்த்திக்கும்படி புனித பவுல் தம் கடிதமொன்றில் அறிவுறுத்துகிறார். உலக வாழ்வில் இது எவ்வாறு கைகூடும்? கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவ மரபு இதற்கு ஒரு வழி வகுத்துள்ளது. அம்மரபில் நாளொன்றுக்கு ஏழு பிரார்த்தனை வேளைகள் உண்டு. அவற்றின் வரிசை மாலையிலிருந்து தொடங்குகிறது. ஏனெனில் அம்மரபில் நாள் பிறப்பதே மாலையில்தான். இதன் உட்பொருள் ஆழமானது. முதலில் வழிபாடு, பிறகு ஓய்வு, அதன் பின்னரே உழைப்பு. மனிதன் வேலை செய்து களைத்து, மிஞ்சிய நேரத்தை இறைவனுக்குத் தருவதில்லை; இறைவனிடமிருந்து புறப்பட்டே வேலைக்குச் செல்கிறான்.

கேரளத்தின் வாகமண் மலைப்பகுதியில் 1958ஆம் ஆண்டு பிரான்சிஸ் ஆச்சாரியாவும் பீட் கிரிபித்ஸும் குரிசுமலை ஆசிரமத்தை நிறுவினர். முன்னவர் பெல்ஜியத்திலும் பின்னவர் இங்கிலாந்திலும் பிறந்தவர்கள். இந்தியத் துறவியரைப் போன்று காவியுடுத்து, சிரிய மரபின் பிரார்த்தனைகளை ஏற்ற அச்சமூகம், பசுக்களை வளர்த்துப் பால்பண்ணையும் நடத்தியது. பிரார்த்தனைக் கூடமும் மாட்டுத் தொழுவமும் ஒரே சாதனையின் இரு பகுதிகளாயின.

சமையலறையில் ஒரு சாதகர்

‘துறவியருக்கு இது எளிது, இல்லறத்தாருக்கு ஏது நேரம்?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குச் சகோதரர் லாரன்ஸின் வாழ்க்கை விடையளிக்கும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸில் போர்வீரராக இருந்த அவர், பின்னர் பாரிஸில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது சமையலறைப் பணி. அது அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை! ஆயினும் இறைவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வுடன் அதைப் பல்லாண்டுகள் செய்தார். நாளடைவில் பிரார்த்தனை நேரமும் பாத்திரங்களின் ஓசை நிறைந்த நேரமும் அவருக்கு ஒன்றாயின.

இந்நிலை அவருக்கு எளிதில் வாய்த்துவிடவில்லை. தொடக்கத்தில் சுமார் பத்து ஆண்டுகள் மனப்போராட்டத்தில் கழிந்தன. மனம் விலகியபோதெல்லாம் தம்மை நொந்துகொண்டிராமல், அதை மீண்டும் இறைவனிடம் திருப்பினார். மனம் எங்கெங்கு ஓடினாலும் அங்கிருந்து மீட்டு ஆன்மாவில் நிறுத்தவேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுவதும் இதுவன்றோ?

அவல் இடிக்கும் பெண்ணைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவதுண்டு. அவள் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். வாடிக்கையாளரிடம் கணக்கும் பேசுகிறாள். ஆனால் உலக்கை கையில் விழுந்துவிடக் கூடாதே என்பதில்தான் அவள் மனத்தின் பெரும்பகுதி நிலைத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை

‘வேலையே வழிபாடு’ என்று கூறிப் பிரார்த்தனையைக் கைவிடுவோரும் உள்ளனர். லாரன்ஸ் அவ்வாறு செய்யவில்லை. மடத்தின் பிரார்த்தனை வேளைகளிலும் அவர் பங்குகொண்டார். குறித்த நேரத்தில் இறைவனை நினையாத மனம், குறியாத நேரத்தில் அவரை நினைப்பது அரிது. ஊற்று வற்றினால் வாய்க்காலில் நீர் ஏது?

மறுபுறம், பிரார்த்தனை உண்மையானதா என்பதை வேலையே காட்டிக்கொடுக்கிறது. வித்துராவின் அந்தத் தொழிலாளி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்கு நடக்கும் சில அடிகளில் இயேசுவின் திருநாமத்தை உச்சரிக்கலாம். கீழைக் கிறிஸ்தவ மரபில் இத்தகைய நாமஜபம் நெடுங்காலமாக உள்ளது. கத்தி பட்டையைத் தொடும்போதோ, மரத்தைப் புண்படுத்தாத கவனமே அவரது ஜபம். யாரும் பாராத இடத்தில் பாலில் நீர் கலவாதிருப்பது அவரது காணிக்கை. மாலையில் குடும்பத்தினருடன் பிரார்த்தனைக்கு அமருமுன், காலையில் கடுஞ்சொல் கூறிய மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது அவரது பாவமன்னிப்பு வழிபாடு. காணிக்கை செலுத்துமுன் சகோதரனுடன் சமாதானம் செய்துகொள்ளுமாறு மலைப்பொழிவில் ஏசுநாதர் போதித்ததும் இதையே.

ஞாயிறன்று ஏற்றிய விளக்கு திங்களன்று கையிலிருக்கும் வேலையின் மீது ஒளி வீசட்டும். நாம் எந்தப் பெயரால் இறைவனை அழைப்பவராயினும், இன்று நமக்குப் பிடிக்காத ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை அவருக்காகச் செய்து பார்ப்போம். அங்கிருந்தே சாதனை தொடங்கட்டும்.