தொலைந்த வண்ணம் திரும்புமா?

சில நாட்களுக்கு முன் வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழுவினர் பாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பூக்கள், பலூன்கள், பளபளக்கும் உடைகள். "சார், 1967-லேயே எவ்வளவு அழகாக வண்ணத்தில் எடுத்திருக்கிறார்கள், பாருங்கள்!" என்றார். "அன்று எடுத்தது கறுப்பு-வெள்ளைப் படம். நீ பார்க்கும் வண்ணம் பிற்காலத்தில் சேர்த்தது" என்றேன். அவர் விடவில்லை. "அப்படியானால் இந்த வண்ணம் உண்மையா, பொய்யா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மாணவர்களே, இதற்கு விடை காண நாம் முதலில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

மஞ்சள் விளக்கின் கீழ்

கல்லூரி இயற்பியல் கூடங்களில் சோடியம் ஆவி விளக்கு இருக்கும். நியூட்டன் வளையங்களைக் காண அதைப் பயன்படுத்துவார்கள். அதன் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் ஒளியே. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, இந்த ஒளியில் சில துணிகளைப் பாருங்கள். வெள்ளைத் துணியும் மஞ்சள் துணியும் ஒன்றுபோல் தோன்றும். கருநீலமும் கரும்பச்சையும் இருண்டு கிடக்கும். எது எந்த நிறம் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிவது "எவ்வளவு ஒளி" என்பது மட்டுமே.

ஆனால் ஒரு வசதி உண்டு. துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், பகல் வெளிச்சத்தில் அதன் நிறம் தெரிந்துவிடும். ஏனென்றால் துணி நம் கையில் இருக்கிறது.

கறுப்பு-வெள்ளைப் படமும் அந்த மஞ்சள் விளக்கைப் போன்றதே. பிலிமில் உள்ள வெள்ளி உப்பின் மீது ஒளி விழுகிறது. கழுவும்போது ஒளி பட்ட இடத்தில் வெள்ளித் துகள்கள் கறுத்து நிற்கின்றன. அந்தக் கறுப்பை உண்டாக்கியது சிவப்பு ஒளியா, பச்சை ஒளியா என்று துகள் நினைவு வைத்துக்கொள்வதில்லை. இங்கே துணியை வாசலுக்கு எடுத்து வரவும் வழியில்லை. துணி போய்விட்டது, அதன் ஒளிக்கணக்கு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஒரு சமன்பாடு, மூன்று விடைகள்

இதைக் கணக்காகவே எழுதிப் பார்க்கலாம். வண்ணத் தொலைக்காட்சியில் சிவப்பு (சி), பச்சை (ப), நீலம் (நீ) ஆகிய மூன்றையும் கலந்தே எல்லா வண்ணங்களும் பெறப்படுகின்றன. அதே காட்சியைக் கறுப்பு-வெள்ளைப் பெட்டியில் காட்ட வேண்டிய வெளிச்ச அளவை இப்படிக் கணக்கிட்டார்கள்:

வெளிச்சம் = 0.30 சி + 0.59 ப + 0.11 நீ

பச்சைக்கு மிகுந்த பங்கு ஏன்? நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது. இப்போது வெளிச்சம் 30 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு 100, மற்றவை சுழி என்றால் 30 வரும். பச்சை 51, மற்றவை சுழி என்றாலும் 30 வரும். மூன்றும் 30 ஆக உள்ள வெறும் சாம்பல் நிறத்துக்கும் அதே 30 தான்! மூன்று தெரியாத எண்கள். கையில் இருப்பதோ ஒரே சமன்பாடு. விடைகள் எண்ணற்றவை. எந்தக் கணிப்பொறியாலும் இந்த விதியை மீற முடியாது.

எம்.எஸ். நீலம்

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1982-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பதிவான கச்சேரிகள் கறுப்பு-வெள்ளையில்தான் உள்ளன. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் அமர்ந்து பாடும் அத்தகைய படம் ஒன்றை வண்ணப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் புடவை படத்தில் அடர்ந்த சாம்பலாகத் தெரிகிறது. என்ன நிறம் பூசுவீர்கள்?

"எம்.எஸ். நீலம்!" என்று உங்கள் பாட்டி உடனே சொல்லக்கூடும். அவர் உடுத்தியதால் காஞ்சிப் பட்டில் ஒரு கருநீலத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் எல்லா மேடைகளிலும் நீலமே உடுத்தவில்லை. அரக்கும் கரும்பச்சையும்கூட அதே சாம்பலைத் தரலாம். அன்றைய கச்சேரியின் வண்ணப் புகைப்படம் இருந்தால் விடை கிடைக்கும். அரங்கில் இருந்தவர் குறித்து வைத்திருந்தால் ஓரளவு துணையாகும். இரண்டும் இல்லாதபோது நீலம் பூசினால், நாம் அந்த மாலையைக் காட்டவில்லை. அவரைப் பற்றி நாம் கேள்விப்பட்டதைக் காட்டுகிறோம்.

பீட்டில்ஸ் படத்தின் கதை

மாணவர் காட்டிய படத்துக்கு வருவோம். 1967 ஜூன் 25 அன்று, செயற்கைக்கோள்களின் துணையால் பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பான "அவர் வேர்ல்ட்" நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவினர் லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து பாடினார்கள். ஒளிபரப்பு கறுப்பு-வெள்ளை. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது ஜூலை 1-இல்தான். ஆறே நாட்களில் தவறிப்போன வண்ணம்!

ஆயினும் அன்று கூடத்தில் வண்ணப் புகைப்படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. 1995-இல் குழுவின் வரலாற்றுத் தொடருக்காக இப்படத்துக்கு வண்ணம் சேர்த்தபோது, அப்புகைப்படங்களைப் பார்த்தே உடைகளுக்கு நிறம் கொடுத்தார்கள். ஆகவே, "உண்மையா, பொய்யா?" என்ற கேள்விக்கு விடை இது: புகைப்படத்தில் சான்று உள்ள இடத்தில் வண்ணம் உண்மையை நெருங்குகிறது, சான்று இல்லாத இடத்தில் அது ஊகம். கூடுதல் சமன்பாடுகளைப் புகைப்படங்கள் தந்தன, படம் தரவில்லை.

இயந்திரத்தின் ஊகம்

வண்ணம் சேர்ப்பது எளிய வேலையன்று. நொடிக்கு 24 படங்கள் வீதம் 3 மணி நேரத் திரைப்படத்தில் 2,59,200 படங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நிறம் பிசகாமல் உருவத்தோடு நகர வேண்டும். 1957-இல் சென்னையில் தமிழிலும் தெலுங்கிலும் உருவான "மாயா பஜார்" படத்தின் தெலுங்குப் பதிப்பு இவ்வாறு வண்ணம் பெற்று 2010-இல் வெளிவந்தது.

இன்று கணிப்பொறியே இவ்வேலையைச் செய்துவிடுகிறது. இலட்சக்கணக்கான வண்ணப் படங்களையும் அவற்றின் சாம்பல் வடிவங்களையும் காட்டி அதைப் பழக்குகிறார்கள். வானம் நீலம், புல் பச்சை என்று அது கற்றுக்கொள்கிறது. புடவைக்கு வரும்போது திணறுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாமே நேரக்கூடியவை. பிழையைக் குறைக்க அவற்றின் சராசரியைத் தேர்ந்தால் மங்கிய பழுப்பே மிஞ்சும். வண்ணம் சேர்த்த பழைய படங்களில் பலருடைய உடைகள் பழுப்பேறித் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். எங்கள் திருவண்ணாமலையையே பாருங்கள். பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றைக் கணிப்பொறியில் கொடுத்தேன். மலை முழுவதையும் பசும்போர்வையாக்கித் தந்தது. மலை என்றால் பச்சை என்று அது கற்றிருக்கிறது. ஆனால் 1980-களில் இம்மலையின் பெரும்பகுதி மரமற்ற பாறையும் காய்ந்த புல்லுமாக இருந்தது. இன்று சரிவுகளில் தெரியும் பசுமை, பின்னர் ஆண்டுக்கணக்கில் கன்று நட்டு, நீர் ஊற்றி, காட்டுத்தீயை அணைத்தவர்களின் உழைப்பு. அந்தப் பொய்ப் பச்சையை நம்பினால், மலை என்றும் இப்படியே இருந்தது என்று நினைப்போம். உழைத்தவர்கள் வரலாற்றிலிருந்து மறைந்துபோவார்கள்.

எனவே வண்ணம் சேர்த்த படத்தை மகிழ்ச்சியோடு பாருங்கள், கூடவே "இந்த நிறத்துக்குச் சான்று என்ன?" என்றும் கேளுங்கள். மூலமான கறுப்பு-வெள்ளைப் படத்தை மட்டும் ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள். அன்றைய ஒளி நேரில் பதிந்தது அதில்தான்.

செய்து பாருங்கள்

தையற்கடையில் பல நிறத்து வெட்டுத் துணிகள் பத்து வாங்குங்கள். எண்ணிட்டு ஒரு தாளில் ஒட்டி, கறுப்பு-வெள்ளையில் படம் எடுங்கள். துணிகளைப் பார்க்காத நண்பரிடம் படத்தைக் கொடுத்து நிறங்களை எழுதச் சொல்லுங்கள். எத்தனை சரி? பிறகு ஒரே ஒரு துணியின் நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் எழுதச் சொல்லுங்கள். மற்ற ஒன்பதில் எத்தனை திருந்தியது, ஏன் என்று சிந்தியுங்கள்.