லடாக் பசுங்குடில்களில் இரவுத் திரை

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள லே நகரில், குளிர்கால இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குவதுண்டு. கணவாய்கள் பனியால் அடைபட்டிருக்கும் வாரங்களில் விமானத்தில் வரும் காய்கறி எளிய குடும்பங்களுக்கு எட்டும் விலையில் இருப்பதில்லை. ஆயினும் பகல் வெயிலுக்குக் குறைவில்லை. ஆகவே வடக்கு, கிழக்கு, மேற்குத் திசைகளில் மண்கற் சுவரும், தெற்கே சரிந்த பாலிதீன் விரிப்பும் கொண்ட குடில்களில் கீரை வகைகள் பயிரிடப்படுகின்றன. சுவர்களும் மண்ணும் பகலில் சேமித்த வெப்பத்தை விடியும்வரை காப்பது திரையின் பணியாகும்.

பாலிதீன் காற்றைத் தடுக்கிறதேயன்றி வெப்பக் கதிர்களை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மேகமற்ற வறண்ட வானத்தை நோக்கி அவை வெளியேறிவிடுகின்றன. நெருக்கமாக நெய்த துணி அவற்றை ஏற்று, ஒரு பகுதியைச் செடிகளின் பக்கமே திருப்பிவிடுகிறது. துணிக்கும் பாலிதீனுக்கும் இடையே அசையாத காற்றடுக்கு ஒன்றும் அமைகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத அக்காற்றே உண்மையான போர்வை. துணி அதன் உறை மட்டுமே.

இதை உணராமல் கனத்த துணியைத் தேடி அலைவோர் உண்டு. கனத்தைவிட ஓரங்களே முக்கியம். திரையின் மேலும் கீழும் இடைவெளி இருப்பின், வெதுவெதுப்பான காற்று மேல்வழியே ஏறி, பாலிதீனில் பட்டுக் குளிர்ந்து, கனமடைந்து, கீழ்வழியே பாத்திகளின்மேல் இறங்கும். இரவு முழுவதும் இச்சுழற்சி நடந்தால் திரையிருந்தும் பயனில்லை. எனவே மேல் ஓரத்தை உத்தரத்தோடு மரச்சட்டம் வைத்து ஆணியடித்துவிட வேண்டும். கீழ் ஓரம் தரையில் ஒரு சாண் அளவு படிந்து, மணற்பைகளின் கனத்தில் அழுந்தியிருக்க வேண்டும். பக்கங்களில் துணி சுவரைத் தழுவும்படி அகலமாக வெட்டுவது நன்று.

திரை ஓடும் கம்பிகளைப் பாலிதீனுக்கு நான்கு விரற்கிடை கீழே, கூரைச் சரிவை ஒட்டி, தொய்வின்றி இழுத்துக் கட்டவேண்டும். தொய்ந்த துணி செடிகளின்மேல் படியும். மேலே ஒட்டிய துணியோ பாலிதீனில் கோத்த நீரை உறிஞ்சி உறைந்துபோகும். நனைந்த துணி வெப்பத்தைக் காப்பதில்லை.

மாலையில் வெயில் குடிலை விட்டகன்றவுடன் திரையை இழுத்துவிட வேண்டும். இருட்டும்வரை காத்திருப்பது சேமித்த வெப்பத்தை வீணாக்கும். காலையிலோ அவசரம் ஆகாது. திரைக்கு மேலே தங்கிய கடுங்குளிர்க் காற்று ஒரேயடியாக இறங்கினால் இளந்தளிர்கள் கருகும். கூரைமேல் வெயில் நன்கு பட்ட பின்னர், முதலில் ஒரு முழம் திறந்து, சற்றுப் பொறுத்து முழுவதும் சுருட்டலாம். சுருட்டிய துணி பின்சுவரின்மேல் நிழல் வீழ்த்தாதபடி உத்தரத்தை ஒட்டிக் கட்டப்படவேண்டும். அடுத்த இரவுக்கான வெப்பம் அச்சுவரிலேயே சேர்கிறது.